காலநிலை விவாதத்தில் அறிவியல் எதுவரை பேசலாம்?

காலநிலை மாற்றத்தைப் பற்றிய அரசியல் வாக்குவாதங்களில் எல்லாத் தரப்பினரும் அறிவியலைத் துணைக்கு அழைக்கிறார்கள். உமிழ்வை உடனே குறைக்க வேண்டும் என்பவர்கள் அறிவியல் அப்படித்தான் சொல்கிறது என்கிறார்கள். அவசரம் வேண்டாம் என்பவர்கள் அறிவியல் இன்னும் முடிவாக எதையும் சொல்லவில்லை என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இது விஞ்ஞானிகளுக்குள் நடக்கும் சண்டை என்றே தோன்றும். ஆனால் சண்டையின் பெரும்பகுதி வேறிடத்தில் நடக்கிறது. செலவை யார் ஏற்பது, யாருடைய இழப்பைப் பொருட்படுத்துவது, நாளைய ஆபத்தைத் தவிர்க்க இன்றைய வசதியில் எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்விகள்தாம் அதன் அடியில் இருக்கின்றன. இவற்றுக்கு வெப்பமானியை வைத்து விடை காண முடியாது.

மழைக்காலத்தில் நாம் பார்த்துப் பழகிய ஏற்பாடு ஒன்றை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். எந்த மாவட்டத்தில் எவ்வளவு மழை பெய்ய வாய்ப்பிருக்கிறது என்பதை வானிலை ஆய்வு மையம் சொல்கிறது. பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதா என்பதை மாவட்ட ஆட்சியர் முடிவு செய்கிறார். மையத்தின் கணிப்பு சரியா தவறா என்பது மறுநாள் மழைமானியில் தெரிந்துவிடும். ஆட்சியரின் முடிவோ தேர்வு அட்டவணை, பிள்ளைகள் கடந்து வரும் ஓடைகள், வேலைக்குப் போகும் பெற்றோர் என்று பலவற்றையும் எடைபோட்டு எடுக்கப்படுவது. ஒரே எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களின் ஆட்சியர்கள் வெவ்வேறு முடிவுகளுக்கு வருவதுண்டு. அதனால் அவர்களில் ஒருவர் அறிவியலை மறுத்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

அறிவியல் தன் பங்குக்கு எதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனெனில் அதில் இப்போது பெரிய சச்சரவு இல்லை. அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. வெப்பம் கூடுவதற்குச் சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும்; அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, மேலே உள்ள அடுக்கு குளிர்கிறது. வெப்பத்தைக் கீழேயே பிடித்து வைக்கும் வாயுக்கள் பெருகினால் இப்படித்தான் நடக்கும் என்பது அதற்கு முன்பே கணக்கிடப்பட்டிருந்தது.

இப்படிப் பல்லாயிரம் ஆய்வுகளில் சிதறிக் கிடக்கும் முடிவுகளைத் தொகுத்து அரசுகளுக்குச் சொல்வதற்காக, உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து 1988-இல் ஒரு குழுவை அமைத்தன. ஐ.பி.சி.சி. என்று செய்திகளில் அடிபடுவது அதுதான். புவி வெப்பமடைவதற்கு மனிதரே முக்கியக் காரணம் என்ற கூற்றை அந்தக் குழு எவ்வளவு நிதானமாக உறுதிப்படுத்திக்கொண்டே வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 2001 அறிக்கை அதற்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாய்ப்பிருப்பதாகச் சொன்னது. 2007-இல் அது 90 சதவீதத்துக்கு மேல் என்றும், 2013-இல் 95 சதவீதத்துக்கு மேல் என்றும் உயர்ந்தது. 2021 அறிக்கைதான் மனிதத் தாக்கத்தால் புவி வெப்பமடைந்திருப்பதில் ஐயமே இல்லை என்று எழுதியது. அரசியல் மேடையில் நின்று இவ்வளவு பொறுமையாகப் பேசும் தரப்பு எதையும் நான் கண்டதில்லை.

அளவீடு முடிந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அளந்ததைக் கூட்டுவதற்கு முன், எதை எதோடு கூட்டுவது என்று யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானம் பெரும்பாலும் அட்டவணையின் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும். இதற்கு இந்தியாவின் நெல் வயல்களைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நீர் தேங்கி நிற்கும் வயலில் மண்ணுக்குள் ஆக்சிஜன் புகாது. அந்தச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகள் மட்கும் வேரையும் தாளையும் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அந்த வாயு பெரும்பாலும் நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகளின் வழியாகவே மேலேறி வெளியேறுகிறது. 1990-இல் அமெரிக்காவின் உலக வள நிறுவனம் ஒவ்வொரு நாட்டின் பசுமை இல்ல வாயு உமிழ்வையும் கணக்கிட்டு ஒரு பட்டியலை வெளியிட்டது. கரியமில வாயுவோடு நெல் வயலிலிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் வரும் மீத்தேனையும், காடழிப்பையும் சேர்த்துக் கூட்டியதில், உலகின் முதல் ஐந்து உமிழ்வாளர்களில் இந்தியாவும் சீனாவும் இடம்பெற்றுவிட்டன. காலநிலை உடன்படிக்கை உருவான 1992 ரியோ மாநாட்டுக்கு இரண்டு ஆண்டுகளே இருந்த வேளையில் இந்தப் பட்டியல் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

மறு ஆண்டு டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதை மறுத்து எழுதினார்கள். கடலும் காடும் ஆண்டுதோறும் உறிஞ்சிக்கொள்ளும் கரியமில வாயுவை நாடுகளுக்குப் பங்கிட்டபோது, யார் எவ்வளவு உமிழ்ந்தார்களோ அந்த விகிதத்திலேயே பங்கும் கொடுக்கப்பட்டிருந்தது என்பதை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதிகம் புகைத்தவருக்கு அதிகத் தள்ளுபடி என்பதே இதன் பொருள். கடலும் காற்றும் மனிதகுலத்துக்குப் பொது என்று கொண்டு, மக்கள்தொகைப்படி பங்கிட்டால் இந்தியா தனக்குரிய பங்கைக்கூடத் தாண்டாத நாடாகிவிடும். ஏழை உழவரின் வயலிலிருந்து வரும் மீத்தேனையும் செல்வந்தரின் காரிலிருந்து வரும் புகையையும் ஒரே வரிசையில் வைத்துக் கூட்டலாமா என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி. உயிர் பிழைப்பதற்கான உமிழ்வு வேறு, சொகுசுக்கான உமிழ்வு வேறு என்ற பாகுபாடு உலகப் பேச்சுவார்த்தைகளில் இடம்பிடித்தது அவர்கள் எழுத்தால்தான்.

இதில் இரண்டு விதமான தகராறுகள் பின்னிக் கிடக்கின்றன. தொடக்கநிலை வாசகர் அவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது. இந்திய நெல் வயல்கள் உண்மையில் எவ்வளவு மீத்தேனை வெளியிடுகின்றன என்பது ஒரு தகராறு. இது அளந்து தீர்க்கக்கூடியது. அப்படியே தீர்க்கவும் பட்டது. ஆண்டுக்கு மூன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் என்று அமெரிக்கத் தரப்பில் சொல்லப்பட்ட மதிப்பீடு, ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் எடுத்த அளவுகளை இந்தியப் பரப்பளவால் பெருக்கிக் கிடைத்தது. 1991-இல் இயற்பியலாளர் ஏ.பி. மித்ராவின் தலைமையில் இந்திய விஞ்ஞானிகள் நாட்டின் பல பகுதிகளில் பயிரின் மேல் ஒளிபுகும் பெட்டிகளைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றைக் குறித்த இடைவெளியில் ஊசிக்குழலால் எடுத்து அளந்தார்கள். விடை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் என்று வந்தது. இங்குள்ள மண்ணில் மட்கும் பொருள் குறைவு. மானாவாரி நிலங்கள் ஏராளம். பல வயல்களில் நீர் ஆண்டு முழுவதும் தேங்கி நிற்பதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் வயலில் மண் இடையிடையே காற்று வாங்குவதால் மீத்தேன் உருவாவது குறைகிறது என்பது இன்று உமிழ்வைக் குறைக்கும் வழியாகவே பரிந்துரைக்கப்படுகிறது.

மற்றத் தகராறை எந்தப் பெட்டியைக் கவிழ்த்தும் தீர்க்க முடியாது. ஒரு டன் மீத்தேன் எத்தனை டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்ற எளிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மீத்தேன் வெப்பத்தை வலுவாகப் பிடித்து வைக்கும், ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி சிதைந்துவிடும். கரியமில வாயுவின் ஒரு பகுதியோ பல நூற்றாண்டுகள் நிற்கும். ஆகவே 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் முப்பது டன்னுக்குச் சற்றே குறைவான கரியமில வாயுவுக்குச் சமம். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் எண்பது டன்னுக்கும் மேல். இரண்டு எண்களுமே சரியான அறிவியல். எந்தக் கால அளவை எடுப்பது என்பது, இப்போது வாழ்கிறவர்களின் ஆபத்தையும் இனிப் பிறக்கப் போகிறவர்களின் ஆபத்தையும் எப்படி நிறுத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்த தேர்வு. 20 ஆண்டுக் கணக்கு நெல்லும் மாடும் வைத்திருக்கும் நாட்டின் சுமையைக் கூட்டிக் காட்டும். 100 ஆண்டுக் கணக்கு நிலக்கரியை நெடுங்காலம் எரித்த நாட்டின் சுமையை ஒப்பீட்டளவில் பெரிதாக்கும். ஐ.நா. பேச்சுவார்த்தைகளில் 100 ஆண்டுக் கணக்கே வழக்கமாயிற்று. அதை இயற்பியல் விதித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதைவிட அப்பட்டமான நிகழ்வு ஒன்றும் உண்டு. 1995-இல் ஐ.பி.சி.சி.யின் பொருளாதார அத்தியாயம் ஒன்று, வெப்பமயமாதலால் ஏற்படும் நட்டத்தைப் பணமாக மாற்றிக் கணக்கிட முயன்றது. உயிரிழப்பையும் அதில் சேர்க்க வேண்டியிருந்ததால், ஆபத்தைத் தவிர்க்க மக்கள் எவ்வளவு செலவிடத் தயார் என்ற வழக்கமான பொருளியல் முறையைக் கையாண்டார்கள். செலவிடும் சக்தி வருமானத்தைப் பொறுத்தது அல்லவா? எனவே பணக்கார நாட்டில் ஓர் உயிருக்கு 15 லட்சம் டாலர் என்றும் ஏழை நாட்டில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே என்றும் கணக்கு வந்து நின்றது. இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகள் கொதித்தெழுந்தன; அரசுகள் ஒப்புக்கொண்ட சுருக்கம் அந்த எண்களிலிருந்து விலகி நின்றது. கணக்கிட்டவர்கள் தங்கள் துறையின் முறையை ஒழுங்காகத்தான் பின்பற்றியிருந்தார்கள். அந்த முறைக்குள்ளேயே ஒரு நீதிக் கொள்கை குடியிருக்கிறது என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை என்பதுதான் குறை.

இதுவரை சொன்னது மதிப்பீடு அறிவியல் வேடத்தில் நுழைவதைப் பற்றி. அறிவியலின் இயல்பான தயக்கத்தையே ஆயுதமாக்குவது இன்னொரு வகை. அமெரிக்காவில் இது நடந்த விதம் மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. 1997-இல், உமிழ்வுக் குறைப்பு உடன்படிக்கைக்காகக் கூடிய கியோட்டோ மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பு, வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத அல்லது அமெரிக்கப் பொருளாதாரத்துக்குப் பெருஞ்சேதம் விளைவிக்கும் எந்த உடன்படிக்கையையும் ஏற்கக் கூடாது என்று அந்நாட்டுச் செனட் சபை 95-க்கு 0 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த நிலைப்பாட்டோடு நமக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம். ஆனால் அது முகமூடி இல்லாத அரசியல். எங்கள் நலனுக்கு ஒத்துவராது என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. அதற்கு எதிர்வாதமும் அதே தளத்தில் வைக்க முடியும்.

அதன் பிறகு வந்தது வேறு மாதிரியானது. குடியரசுக் கட்சியின் பிரசார ஆலோசகர் ஃப்ராங்க் லன்ட்ஸ் 2002-இல் எழுதிய உள்சுற்றுக் குறிப்பு மறு ஆண்டு வெளியே கசிந்தது. அறிவியல் முடிவாகிவிட்டது என்று மக்கள் நம்பத் தொடங்கினால் அவர்களுடைய கருத்தும் மாறிவிடும், எனவே அறிவியலில் நிச்சயமின்மை இருக்கிறது என்பதையே விவாதத்தின் மையமாக வைத்திருக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. 2005-இல் வெளியான செய்தி இன்னும் நுணுக்கமானது. வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் குழுவில் உயரதிகாரியாக இருந்த ஃபிலிப் கூனி, அரசு விஞ்ஞானிகளின் அறிக்கை வரைவுகளில் தன் கையாலேயே திருத்தம் செய்து, நிச்சயமின்மையைக் காட்டும் சொற்களை அங்கங்கே செருகியிருந்தது அம்பலமானது. அவர் விஞ்ஞானி அல்லர். முன்பு பெட்ரோலிய நிறுவனங்களின் சங்கத்தில் பணியாற்றியவர். செய்தி வந்த சில நாள்களில் பதவி விலகி, பின்னர் எக்ஸான்மொபில் என்ற எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகளே 1970-களின் பிற்பகுதியிலிருந்து செய்துவந்த வெப்பநிலைக் கணிப்புகளில் பெரும்பாலானவை பின்னாளில் சரியாகவே அமைந்தன என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்த உத்தி பலித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அறிவியல் சரியாக இருந்தால் கொள்கை தானாக வந்துவிடும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன. அந்த எண்ணம் நிலவும்வரை, கொள்கையைத் தடுக்க விரும்புகிறவருக்கு மிகச் சுலபமான வழி அறிவியலில் ஓட்டை தேடுவதுதான். நிச்சயமின்மை இருந்தும் செயல்படுவதா, பொறுத்திருப்பதா என்பது தனியான அரசியல் கேள்வி என்று ஏற்கப்பட்டிருந்தால் கூனியின் பேனாவுக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்காது.

அறிவியலையும் அரசியலையும் சுவர் எழுப்பிப் பிரித்துவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். ஐ.பி.சி.சி. வேண்டுமென்றே அப்படி அமைக்கப்படவில்லை. அதன் முழு அறிக்கையை விஞ்ஞானிகள் எழுதுகிறார்கள். கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தை மட்டும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். வரைவில் உள்ள வாக்கியம் திரையில் காட்டப்படும். ஏதேனும் ஒரு நாடு ஆட்சேபித்தால் எல்லோரும் ஏற்கும் சொல் கிடைக்கும்வரை அடுத்த வரிக்கு நகர முடியாது. முழு அறிக்கையில் ஆதாரம் இல்லாத எதையும் நுழைக்க விஞ்ஞானிகள் விடமாட்டார்கள். இதற்கு விலையும் உண்டு, பயனும் உண்டு. 2014-இல் பெர்லினில் கூடியபோது, நாடுகளை வருமானப்படி பிரித்து யாருடைய உமிழ்வு எவ்வளவு வளர்ந்தது என்று காட்டும் வரைபடங்களைச் சுருக்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று பல நாடுகள் வற்புறுத்தின. நீக்கவும் பட்டன, முழு அறிக்கையில் மட்டும் அவை இருக்கின்றன. பொய்யான எண் என்று அவற்றை யாரும் சொல்லவில்லை. அப்படிப் பிரித்துக் காட்டினால் நாளைய பேரத்தில் அது தங்கள் மேல் பாயும் என்பதே அச்சம். மறுபக்கம், இப்படி வரி வரியாக ஒப்புக்கொண்ட பிறகு, எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகூட அந்த வாசகத்தைத் தெரியாது என்று சொல்ல முடியாமல் போகிறது.

ஐ.பி.சி.சி.யும் சறுக்கியிருக்கிறது. இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோக மிகுந்த வாய்ப்பிருப்பதாக அதன் 2007 அறிக்கையில் ஒரு வரி இடம்பெற்றது. அது ஆய்விதழிலிருந்து வந்ததன்று. ஓர் அறிவியல் வார இதழில் வந்த பேட்டியிலிருந்து ஒரு தன்னார்வ அமைப்பின் வெளியீட்டுக்குப் போய், அங்கிருந்து அறிக்கைக்குள் புகுந்துவிட்டது. 2009 நவம்பரில் ஜெய்ராம் ரமேஷின் சுற்றுச்சூழல் அமைச்சகம் பனியாற்று அறிஞர் வி.கே. ரெய்னாவின் மாறுபட்ட ஆய்வுரையை வெளியிட்டபோது, ஐ.பி.சி.சி.யின் தலைவராக இருந்த பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்று ஏளனம் செய்தார். இரண்டு மாதங்களில் 2035 தவறு என்று குழுவே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பனியாறுகள் சுருங்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் இன்றும் உண்டு. இந்துகுஷ்-இமயப் பகுதியைப் பற்றிய 2019 மதிப்பீடு, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட வெப்ப உயர்வு 1.5 டிகிரியில் நின்றாலும் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்குள்ள பனியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்கிறது. எதிர்த்துக் கேட்டவரை எள்ளியதே, தவறைவிட அதிகமாகக் குழுவின் மதிப்பைக் குறைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த 1.5 டிகிரி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே பத்திரம், மேலே பேரழிவு என்று எந்த ஆய்வுக்கூடமும் கோடு கிழித்துக் கொடுக்கவில்லை. 2009-இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பெரிய நாடுகள் 2 டிகிரி என்று பேசிக்கொண்டிருந்தபோது, சிறு தீவு நாடுகள் அந்த அளவு தங்களை மூழ்கடித்துவிடும் என்று சொல்லி 1.5-ஐ முன்வைத்துப் போராடின; 2015 பாரிஸ் உடன்படிக்கையில் அது இடம்பிடித்தது. அப்போதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்து சொல்லுமாறு அரசுகள் ஐ.பி.சி.சி.யைக் கேட்டன. 2018 அறிக்கையின் விடை, 1.5 டிகிரியில் வெப்பக்கடல் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் வரை அழியும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கும் மேல் அழியும் என்பது போன்றவற்றை எடுத்து வைத்தது. அந்த வேறுபாட்டுக்காக எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதை அது சொல்லவில்லை. சொல்வது அதன் வேலையும் இல்லை. ஆனால் 1.5-ஐக் காப்பாற்ற வேண்டுமானால் 2030-க்குள் கரியமில வாயு உமிழ்வு 2010-இல் இருந்ததைவிட ஏறத்தாழ 45 சதவீதம் குறைய வேண்டும் என்ற அதன் நிபந்தனை வாக்கியத்திலிருந்து நிபந்தனை உதிர்ந்து, உலகத்துக்கு இன்னும் 12 ஆண்டுகளே மிச்சம் என்ற முழக்கம் பிறந்தது. தடுக்க நினைப்பவர்கள் மட்டுமே அறிவியலை வளைக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் அந்த முழக்கத்தையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

அதே தீவு நாடுகளின் முயற்சி 2025 ஜூலை 23-இல் புதிய கட்டத்தை எட்டியது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்னின்று ஐ.நா. பொதுச்சபையின் வழியாகக் கேட்ட கேள்விக்கு, சர்வதேச நீதிமன்றம் அன்று ஒருமனதாக ஆலோசனைக் கருத்து வழங்கியது. விசாரணைக்கு முன்பு நீதிபதிகள் ஐ.பி.சி.சி. விஞ்ஞானிகளை நேரில் அழைத்துக் கேட்டிருந்தார்கள். காரணகாரியத்தைப் பொறுத்தவரை அந்த அறிக்கைகளையே இன்று கிடைக்கும் சிறந்த அறிவியலாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உலக உமிழ்வில் ஒவ்வொரு நாட்டின் பங்கு எவ்வளவு என்பதை அறிவியலால் கணக்கிட முடியும் என்றும் கூறியது. கடமை தவறிய நாடு இழப்பீடு தர வேண்டி வரலாம். ஆனால் எந்தச் செயலால் யாருக்கு எந்த இழப்பு நேர்ந்தது என்பதை வழக்குக்கு வழக்கு தனித்தனியே நிறுவியாக வேண்டும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. நெல் வயல் மீத்தேனை எந்தக் கணக்கில் சேர்ப்பது, கடந்த கால உமிழ்வுக்கு யார் பொறுப்பு என்ற பழைய வாதங்கள் எல்லாம் இனி வழக்கறிஞர்களின் வாயிலாகவும் வரும்.